மூன்று தட்டு

பூட்டு, விலங்கு எதிலிருந்தும் தப்பி வந்து காட்டிய அந்தக் கால மேடை வித்தைக்காரர் ஹூடினியைப் பற்றி எங்கள் குழு ஒரு நகைச்சுவைத் திகில் நாடகம் போட்டது. எனக்குக் கோடாரி பிடித்துக்கொண்டு தூங்கி வழியும் உதவியாளன் வேடம். நிகழ்ச்சிக்கு நடுவே யாரோ பூட்டை மாற்றிவிடுகிறார்கள். அது யார் என்று தேடுவதுதான் கதை. சந்தேகம் என் மேலும் விழும்.

இந்தக் கோடாரிக்காரன் வெறும் கற்பனை இல்லை. 1912-ல் ஹூடினி தலைகீழாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கத் தொடங்கியபோது, பக்கத்தில் அவருடைய உதவியாளர் நிஜமாகவே கோடாரியோடு நின்றார். ஏதாவது ஆனால் கண்ணாடியை உடைக்க வேண்டுமே! அதற்கு முன், 1908-ல் வந்தது பால் கேன் வித்தை: தண்ணீர் நிரம்பிய பெரிய பால் கேனுக்குள் இறங்கி, வெளியே பூட்டச் சொல்லி, தப்பி வருவார். உள்ளே போகும்போது பார்வையாளர்களையும் தன்னோடு மூச்சைப் பிடிக்கச் சொல்வார். எங்கள் நாடகத்திலும் அதை அப்படியே வைத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் அரங்கமே புஸ்ஸென்று மூச்சை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்கும். அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார் என்பது உறைத்ததும் சிரிப்பு சட்டென்று அடங்கும். இந்த ஓர் இடத்துக்காகவே அந்த நாடகத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் போடுவேன்.

ஹூடினி தண்ணீரில்தான் செத்தார் என்று இன்னமும் நிறைய பேர் நம்புகிறார்கள். அது உண்மையில்லை. குடல்வால் வெடித்து, வயிற்றுக்குள் சீழ் பரவி, 1926 அக்டோபர் 31 அன்று டெட்ராய்ட் மருத்துவமனை ஒன்றில் இறந்தார். வயது 52. ஆனால் அந்த நம்பிக்கையோடு வந்து உட்காருபவர்களுக்குக் கேன் மூடியதுமே வயிற்றைக் கலக்கும்.

சரி, அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் கேனுக்குள் தண்ணீர் கிடையாது. மூடும்போது வெளியே ஒரு வாளித் தண்ணீரைச் சிந்தவிடுவோம், அவ்வளவுதான். உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தால் எல்லாம் சரி. மூன்று வந்தால் திறக்க முடியவில்லை என்று பொருள். ஒத்திகையில்கூட மூன்று வந்ததில்லை.

அன்று வந்தது. டக், டக், டக்.

கண்ணை மூடித் தூங்குவதுபோல் நின்றவன் தூக்கிவாரிப்போட்டு ஓடினேன். கோடாரி கீழே விழுந்தது. ஒரே சிரிப்பு. "சாவி! சாவி எங்கே?" என்று கத்தினேன். அப்படி ஒரு வசனமே கிடையாது. இன்னும் பெரிய சிரிப்பு. ஈரத்தில் மூடி கையை வழுக்கியது. உள்ளே மறுபடியும் மூன்று தட்டு. எனக்குக் காது அடைத்துவிட்டது.

ஹூடினியின் மனைவி பெஸ்ஸாக நடித்தவர்தான் புரிந்துகொண்டார். இல்லாத வசனத்தைக் கேட்டதுமே அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். நடை மாறாமல் நாயகி மாதிரியே வந்து, இடுப்பிலிருந்த கொத்தை என் கையில் வைத்து, "மூன்றாவது" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். பூட்டு திறந்தது. உள்ளே ஹூடினியாக நடித்தவனின் சட்டைக் கை கேனின் கழுத்தில் மாட்டி இறுகியிருந்தது. பிடித்து இழுத்தேன், தையல் பிரிந்து கை வெளியே வந்தது. வேர்த்து விறுவிறுத்து எழுந்து நின்றவன், கிழிந்த கையைத் தூக்கி வணக்கம் வைத்தான். கைதட்டல் நிற்கவே இல்லை.

அடுத்த காட்சியிலிருந்து அவன் கையில்லாத பனியனோடுதான் உள்ளே இறங்கினான். நான் கேனுக்கு ஓர் அடி நெருங்கி நின்றேன்.