மூன்று சக்கர ஸ்ட்ரோலர்: எந்த வகை வாங்குவது? அவசரம்

செக்காலைவாசி
அனைவருக்கும் வணக்கம். குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகும் மூன்று சக்கர ஸ்ட்ரோலர் ஒன்று வாங்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து மைத்துனர் இந்த வாரக் கடைசியில் திருச்சிக்கு வந்து இறங்குகிறார். அவர் சிங்கப்பூரில் கடைக்குப் போவதற்குள் எந்த வகை என்று சொல்லியாக வேண்டும். காற்றடிக்கும் சக்கரமா, காற்றே தேவைப்படாத சக்கரமா என்பதில் வீட்டில் இரண்டு கட்சியாகிவிட்டது. நம் ஊர்ச் சாலைக்கு எது சரிப்படும் என்று அனுபவப்பட்டவர்கள் இன்றைக்குள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

தேவகோட்டை ஆச்சி
தம்பி, பிள்ளைக்கு என்ன வயது என்று எழுதவே இல்லையே. கழுத்து நின்றுவிட்டதா, பிடிமானம் இல்லாமல் உட்காருகிறதா என்பதைத் தெரிந்துகொண்டுதான் மற்றதைப் பேச முடியும். தலை நிற்காத பிள்ளையை நிமிர்ந்த இருக்கையில் வைத்தால் தலை முன்னால் தொங்கி மூச்சுக்கு இடைஞ்சலாகிவிடும்; அதற்கு இருக்கை ஏறக்குறைய மட்டமாகச் சாய வேண்டும். மூன்று சக்கர வண்டிகளில் பல அப்படி முழுதாகச் சாயாதவை.

பள்ளத்தூர்ப் பேரன்
வயதோடு இன்னும் சிலவற்றையும் சொல்லுங்கள். வண்டியைத் தள்ளப்போவது யார், நீங்களா, வீட்டில் இருக்கும் ஐயாவும் அப்பத்தாவுமா? தெருவில் மட்டும் ஓடுமா, வீட்டுக்குள்ளும் வருமா? காரில் ஏற்ற வேண்டியிருந்தால் டிக்கி எவ்வளவு பெரியது? எவ்வளவு செலவழிக்க நினைக்கிறீர்கள்? இவை தெரியாமல் மாடல் சொன்னால் அது குருட்டாம்போக்காகத்தான் இருக்கும்.

கானாடுகாத்தான் மூத்தவர்
இந்தக் கேள்வி இங்கே புதிதல்ல. இந்த மன்றத்தின் பழைய உரையாடல் இழைகளைத் தேடிப் படித்துவிட்டு, அதன் பிறகும் ஐயம் மிஞ்சினால் கேட்பது முறை. ஆனால் இப்போதெல்லாம் யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை என்பதால் மறுபடியும் எழுதுகிறேன். மூன்று சக்கர வண்டி என்ற வடிவமே, 1980களின் முற்பாதியில் அமெரிக்காவில் ஃபில் பேக்லர் என்பவர் தம் குழந்தையையும் உடன் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும் என்பதற்காகச் சைக்கிள் சக்கரங்களைப் பொருத்திச் செய்ததிலிருந்து பரவியது. அதாவது அது ஓட்டக்காரர்களுக்கான வண்டி. நீங்கள் காலையில் ஓடுபவரா? இல்லையென்றால் நான்கு சக்கரத்தை வாங்கிக்கொண்டு வேலையைப் பாருங்கள்.

காரணமும் சொல்லிவிடுகிறேன், கவனமாகப் படிக்கவும். முன்னே ஒன்றும் பின்னே இரண்டுமாகச் சக்கரம் தரையைத் தொடும் இடங்களை இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். மொத்த எடை அந்த முக்கோணத்துக்குள் விழும் வரையில்தான் வண்டி நிற்கும். முன்னே போகப் போக அது குறுகுகிறது. ஆகவே பிள்ளை முன்னால் குனிந்து ஒரு பக்கமாக எட்டிப் பார்க்கும் அதே நேரத்தில் நீங்கள் சிமென்ட் சாலையின் விளிம்பிலிருந்து மண்ணுக்குக் குறுக்காக இறக்கினால், நான்கு சக்கர வண்டி தாங்கும் சாய்வை மூன்று சக்கர வண்டி தாங்காது.

சைக்கிள்கடைத் தம்பி
மூத்தவர் சொல்லும் முக்கோணக் கணக்கு சரிதான், ஆனால் அதன் மறுபாதியை விட்டுவிட்டார். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதைப் போல, மூன்று சக்கரமும் எந்த மேடுபள்ளத்திலும் ஒருசேரத் தரையைத் தொடும். நான்கு சக்கர வண்டியில் ஒன்று அந்தரத்தில் நின்று தட்டிக்கொண்டே வரும். நம் ஊர்த் தெருக்களில் பாதி செம்மண், பாதி சரளை என்பதை மறந்துவிடக் கூடாது.

செக்காலையாருக்கு என் பதில் காற்றடிக்கும் சக்கரம்தான். சரளையில் அதிர்வை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங்கைக் காட்டிலும் டயருக்குள் இருக்கும் காற்றுதான். 12 அங்குலச் சக்கரம் என்றால் சிறுவர் சைக்கிளின் டியூப் அளவே பெரும்பாலும் பொருந்தும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், காரைக்குடியிலேயே கிடைத்துவிடும். 16 அங்குலம் ஓடுபவர்களுக்கானது. மடித்தாலும் இடத்தை அடைக்கும்.

கருவேலங்காடு
டியூப் கிடைக்கும், சரி. பஞ்சர் யார் ஒட்டுவது? கண்மாய்க் கரையோரம் ஒரு முறை வண்டியைத் தள்ளிப் பார்த்தவர் யாரும் காற்று டயரைப் பரிந்துரைக்க மாட்டார். சீமைக்கருவேல முள் லாரி டயரையே துளைக்கும்போது குழந்தை வண்டி டயர் எம்மாத்திரம்? அதிலும் முள் குத்தியவுடன் காற்று இறங்காது. வெயிலில் பாதி வழி வந்த பிறகு வண்டி ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்கும்போதுதான் தெரியும். காற்றுக்குப் பதில் ஃபோம் நிரப்பிய சக்கரம் வாங்குங்கள், ஒரு தொல்லையும் இல்லை.

சைக்கிள்கடைத் தம்பி
ஃபோம் சக்கரத்தைச் சரளையில் தள்ளியவர் கையைக் கேட்டுப் பாருங்கள், தோள்பட்டை வரை அதிர்வு ஏறும். பஞ்சர் என்றால் ஒரு பேட்சும் சொல்யூஷனும் போதும், பத்து நிமிட வேலை. முள்ளுக்குப் பயந்தால் டியூபுக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் இருக்கிறது. சிறு துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் மைத்துனரிடம் கேட்கச் சொல்லுங்கள்: வால்வு எந்த வகை? வெளிநாட்டு ஸ்ட்ரோலர்களில் அனேகமாக மோட்டார் சைக்கிளில் இருக்கும் வகைதான் வரும். நம் சைக்கிளில் வால்டியூப் மாட்டும் பழைய வகைக்கான பம்பு அதில் பிடிக்காது.

கருவேலங்காடு
மோட்டார் சைக்கிள் வால்வு என்றால் இன்னும் வசதியாயிற்று. பெட்ரோல் பங்கில் ஒரு நொடியில் அடித்துக்கொள்ளலாமே, பம்பு எதற்கு?

சைக்கிள்கடைத் தம்பி
அந்த ஒரு நொடிதான் ஆபத்து. இவ்வளவு சிறிய டியூபுக்குள் கம்ப்ரஸர் காற்றைத் திறந்துவிட்டால் அளவு எங்கே தாண்டியது என்று தெரிவதற்குள் டயர் விளிம்பை விட்டுக் கிளம்பிவிடும், சில வேளை வெடித்தும் விடும். எவ்வளவு காற்று தாங்கும் என்பதை டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருப்பார்கள். அதற்குக் கீழே நிற்கும்படி கைப் பம்பால் அடிப்பதுதான் சரி. பிள்ளையை இருக்கையில் வைத்துக்கொண்டு காற்றடிக்கவே கூடாது.

கானாடுகாத்தான் மூத்தவர்
டயரைப் பற்றி இத்தனை பேர் இத்தனை எழுதியும் வீட்டுக்குள் அந்த வண்டி நுழையுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறப் படிகள், முகப்புக்கு ஒரு நிலைப்படி, முற்றத்தைச் சுற்றிய வளவுக்கு மற்றொன்று, அதற்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டுக்கு இன்னொன்று. போதாததற்கு நம் வீடுகளில் இரட்டைக் கதவில் ஒன்றைத் திறந்து ஒன்றைச் சாத்தியே வைத்திருப்பார்கள். மூன்று சக்கர வண்டியின் பின்சக்கரங்கள் இரண்டும் உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால், அந்த ஒற்றைக் கதவின் இடைவெளியை அளந்து பார்க்காமல் வாங்குபவரின் வண்டி திண்ணையிலேதான் குடியிருக்கும்.

பள்ளத்தூர்ப் பேரன்
நிலைப்படிக்கு இரண்டு பக்கமும் மரச் சாய்தளம் செய்து வைத்துவிட்டால் முடிந்தது. எங்கள் வீட்டில் ஐயாவின் சக்கர நாற்காலிக்கு அப்படித்தான் செய்திருக்கிறோம். தேவையில்லாதபோது எடுத்து ஓரமாக வைத்துவிடலாம்.

கானாடுகாத்தான் மூத்தவர்
ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில், செம்மண்ணும் சரளையும் ஒட்டிய ரப்பர் சக்கரத்தை அன்றாடம் உருட்டுவதற்கா சாய்தளம்? அந்தக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடித் தட்டின் மேல் நிறச் சாந்தை ஊற்றி, மணலும் சிமென்ட்டும் போட்டுக் கையால் செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அதன் பளபளப்பு புழங்கப் புழங்க வருவது. மணல் துகள் உராய்ந்தால் அந்த மேற்பரப்பு போய்விடும்.

தேவகோட்டை ஆச்சி
ஐயா, பிள்ளைகள் ஓடி விளையாடியும் தேயாத தரை ஒரு ஸ்ட்ரோலருக்கா தேய்ந்துவிடப்போகிறது? வாசலில் ஒரு ஈரச் சாக்கைப் போட்டுச் சக்கரத்தை அதன் மேல் உருட்டிவிட்டு உள்ளே கொண்டுபோனால் மண் அங்கேயே தங்கிவிடும். ஆனால் ஒன்று: டயரின் கறுப்புக் கோடு விழுந்துவிட்டது என்று யாரும் ஆசிட் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள். அது சிமென்ட்டை அரித்துவிடும், கல்லின் நிறமும் அதோடு போய்விடும்.

கானாடுகாத்தான் மூத்தவர்
நான் சொல்வது பத்தாண்டு கழித்துத் தெரியும் சேதம். சாக்கு போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களோடு வாதாடுவதில் பயனில்லை.

பள்ளத்தூர்ப் பேரன்
பத்தாண்டு கழித்து அந்தப் பிள்ளை சைக்கிள் ஓட்டும், ஐயா. கேட்டவர் இன்னும் வயதைச் சொல்லவில்லை. நாம் தரைக்குப் பஞ்சாயத்து வைத்துக்கொண்டிருக்கிறோம்.

செக்காலைவாசி
வேலையில் இருந்ததால் இப்போதுதான் பார்க்க முடிந்தது. பையனுக்கு ஐந்து மாதம், கழுத்து நின்றுவிட்டது, இன்னும் உட்காரவில்லை. காலையில் நானும், மாலையில் அப்பத்தாவும் தள்ளுவோம். நான் ஓடுவதில்லை, வேகமாக நடப்பேன். எல்லோருக்கும் நன்றி, தொடர்ந்து சொல்லுங்கள்.

சிராவயல் மருமகள்
நான் இப்போது மூன்று சக்கர வண்டியைத்தான் வைத்திருக்கிறேன் என்பதால், கடையில் நின்று பார்க்கும்போது தெரியாத சிலவற்றைச் சொல்கிறேன்.

கல்லூரிச் சாலையில் தாரை விட்டு ஓரத்துச் சரளைக்கு வண்டி இறங்கியதும், தன்னிச்சையாகத் திரும்பும் முன்சக்கரம் கல்லில் மாட்டிப் பக்கவாட்டில் மடங்கிக்கொள்ளும். வண்டி சட்டென நின்று பிள்ளையின் தலை முன்னால் வரும். அதற்காகத்தான் முன்சக்கரத்தை நேராகப் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. பூட்டிய பிறகு கைப்பிடியை லேசாக அழுத்தி, முன்பக்கத்தைத் தூக்கித்தான் திருப்ப வேண்டும். இந்தப் பூட்டைக் குனியாமல் போட முடிகிறதா, கைப்பிடி எவ்வளவு அழுத்தத்துக்கு இறங்குகிறது என்று மைத்துனர் கடையிலேயே, பிள்ளையின் எடைக்கு ஈடான ஒரு பையை இருக்கையில் வைத்துச் சோதித்துப் பார்க்கட்டும். எனக்குச் சுலபமாக இருப்பது என் மாமியாருக்கு மணிக்கட்டு வலி. அப்பத்தா தள்ளுவதென்றால் இதுவே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பேன். இந்த வகை வண்டிகள் 10 கிலோவுக்கு மேல் இருப்பது சாதாரணம், திண்ணைப் படியில் அவர் தனியாக ஏற்ற முடியாது.

ஐந்து மாதம் என்பதால், முழுதாகச் சாயும் இருக்கை இல்லாத வண்டியைப் பார்க்கவே வேண்டாம். ஓடுவதைப் பொறுத்தவரை, ஆறு மாதத்துக்கு முன் கூடாது என்று சில கையேடுகளும், எட்டு மாதம் ஆகட்டும் என்று சில கையேடுகளும் சொல்கின்றன. வேகமாக நடப்பவர் சரளையில் தள்ளினாலும் குலுக்கல் குலுக்கல்தான், ஆகவே இப்போதைக்குத் தார்ச்சாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வார் ஐந்து முனைகளில் பூட்டுவதாக இருக்க வேண்டும், அதாவது இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று.

முன்சக்கரம் ஒரு நெம்பைத் தள்ளியதும் கழன்று வருகிற வகையாக இருந்தால் ஒவ்வொரு முறையும் இறுக்கத்தைச் சரிபாருங்கள். பாப் என்ற பெயரில் விற்ற மூன்று சக்கர வண்டிகளின் முன்சக்கரம் போகும்போதே கழன்றுவிடுகிறது என்று, அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2018 பிப்ரவரியில் பிரிட்டாக்ஸ் நிறுவனத்தின் மேல் வழக்கே தொடர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் அது உடன்பாட்டில் முடிந்தது. சக்கரம் சரியாகப் பூட்டப்படாததே காரணம் என்பது நிறுவனத்தின் வாதம். யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும், கிளம்புவதற்கு முன் முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தை ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பதில் நமக்கு நட்டமில்லை.

காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டாதீர்கள். பிள்ளை உட்கார்ந்திருக்கும் வரை ஒன்றும் தெரியாது. தூக்கிய மறுநொடி வண்டி பின்னால் மல்லாக்க விழும். வெயிலுக்காக மேலே துணியைப் போட்டு மூடுவதும் வேண்டாம், உள்ளே காற்றோட்டம் நின்று அனல் கூடிவிடும். கூடாரம் நீளமாக, பின்பக்கம் வலை வைத்ததாக இருந்தால் போதும். நம் சித்திரை வெயிலுக்கு அதுவும் காலை எட்டு மணி வரைதான் செல்லும்.

காற்றா ஃபோமா என்ற வழக்கில் நான் காற்றின் பக்கம், ஆனால் ஒரு டியூபை உபரியாகச் சிங்கப்பூரிலேயே வாங்கிவிடச் சொல்லுங்கள். இங்கே அளவு கிடைக்கும். வளைந்த வால்வு வைத்த டியூப் கிடைப்பது கடினம். சிறிய சக்கரத்தில் நேர் வால்வு இருந்தால் பம்பின் வாயை உள்ளே நுழைக்கவே இடம் போதாது.

கருவேலங்காடு
உபரி டியூப் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கிறது என்பதிலிருந்தே என் கட்சி ஜெயித்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

கானாடுகாத்தான் மூத்தவர்
சிராவயல் அம்மையார் எழுதியதில் பெரும்பகுதி நான் முன்பே வேறோர் இழையில் எழுதியதுதான். இருப்பினும் வளைந்த வால்வு பற்றிய குறிப்பு பயனுள்ளது. கதவை அளந்தீர்களா, செக்காலையாரே?

செக்காலைவாசி
மைத்துனர் வாங்கிவிட்டார். 12 அங்குலம், காற்றுச் சக்கரம், முழுதாகச் சாயும், முன்சக்கரப் பூட்டு இருக்கிறது. உபரி டியூபும் சொல்லியாயிற்று. மிக்க நன்றி.

சைக்கிள்கடைத் தம்பி
நல்லது. உபரி டியூபின் வால்வு வளைந்ததுதானா என்று அவர் கடையை விட்டுக் கிளம்புவதற்குள் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

பள்ளத்தூர்ப் பேரன்
கதவின் அளவை இன்னமும் சொல்லவில்லை.