ராணுவத்துக்கு சைபர் ஆள்: உள்ளேயே வளர்ப்பதா, வெளியிலிருந்து எடுப்பதா?

மேட்டுப்பாளையத்தான்:
பிரிட்டன் 2025 பிப்ரவரியில் தன் படைகளின் சைபர் வேலைக்கு, அதாவது கணினி, நெட்வொர்க் பாதுகாப்புக்கு, நேரடியாக ஆள் எடுக்கும் திட்டத்தை அறிவித்தது. 10 வார அடிப்படைப் பயிற்சியை இவர்களுக்கு மட்டும் சுமார் ஒரு மாதமாகச் சுருக்கிவிட்டார்கள். ஆரம்பச் சம்பளமே ஆண்டுக்கு 40,000 பவுண்டுக்கு மேல். அதே வருடம் ஜூனில் அமெரிக்கத் தரைப்படை இன்னும் ஒரு படி மேலே போனது. மெட்டா, ஓப்பன்ஏஐ, பாலன்டிர் மாதிரி கம்பெனிகளிலிருந்து நான்கு பெரிய தலைகளைக் கூப்பிட்டு, ரிசர்வ் படையில் நேரடியாக லெப்டினன்ட் கர்னல் ஆக்கிவிட்டது.

நாம் என்ன செய்கிறோம்? 2018-ல் முப்படைக்கும் பொதுவான டிஃபன்ஸ் சைபர் ஏஜென்சிக்கு ஒப்புதல், 2019-ல் அதற்குத் தலைவர் நியமனம், எல்லாம் சரி. ஆனால் ஆள் எங்கிருந்து வருகிறார்? பிளஸ் டூ முடித்த பையனை எடுத்து, ஓட வைத்து, துப்பாக்கி பிடிக்க வைத்து, அப்புறம் மத்தியப் பிரதேசத்து மோவ் கொண்டுபோய் உட்கார வைத்து நெட்வொர்க் பாடம் நடத்துகிறோம். அவன் தேறுவதற்குள் எதிரி நான்கு தலைமுறை டூல் மாற்றியிருப்பான்.

நான் சென்னையில் ஒரு வங்கிக்காக இரவு ஷிஃப்டில் சைபர் தாக்குதல் அலர்ட் பார்க்கிறவன். என் கட்சி இதுதான்: ராணுவம் சைபர் ஆளை உருவாக்க வேண்டாம், ஏற்கெனவே உருவான ஆளை எடுக்கட்டும். மறுப்பு இருந்தால் வாங்க.

ஓய்வு_சுபேதார்:
தம்பி, முதலில் ஒரு திருத்தம். மோவில் இருப்பது தொலைத்தொடர்புப் பொறியியல் கல்லூரி. அங்கே டிகிரி படிப்பவர்கள் அதிகாரி ஆகப் போகிறவர்கள். ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் சேரும் ஜவானுக்குப் பயிற்சி ஜபல்பூர் அல்லது கோவா. நான் ஜபல்பூர்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் இருந்த ஒரு யூனிட்டில் கிளார்க் மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தன. ஒன்று இன்டர்நெட்டுக்கு, மற்றது உள் நெட்வொர்க்குக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பி கூடக் கிடையாது, தாளில் எழுதிக் காட்டினால் பிரமாதமான பாதுகாப்பு. நடைமுறையில் என்ன நடந்தது தெரியுமா? மேலிடத்திலிருந்து ஒரு படிவம் மெயிலில் வரும், அதை நிரப்பி உள் நெட்வொர்க்கில் அனுப்ப வேண்டும். சிடியில் எழுதி ஏற்றச் சொல்லி உத்தரவு. சிடி டிரைவ் கெட்டு மாதக்கணக்காகிறது. கடைத்தெருவில் வாங்கிய பென் டிரைவ் கிளார்க்கின் சட்டைப் பையில் இருக்கும். மணி ஐந்தரை, சாகிப் கையெழுத்துக்குக் காத்திருக்கிறார். அந்தப் பையன் என்ன செய்வான்?

அமெரிக்காவுக்கே இதுதான் நடந்தது. 2008-ல் மத்திய கிழக்கில் ஒரு தளத்தில் யாரோ செருகிய ஒரே ஒரு டிரைவ். ரகசிய நெட்வொர்க் வரைக்கும் மால்வேர் (கெடுதல் மென்பொருள்) போய்விட்டது. சுத்தம் செய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, பென்டகனில் பென் டிரைவையே கொஞ்ச காலம் தடை செய்தார்கள். லெப்டினன்ட் கர்னல் பட்டம் கொடுத்து நான்கு மேதாவிகளைக் கூட்டி வந்தால் அந்த டிரைவ் செருகப்படாமல் இருந்திருக்குமா?

இன்னொன்று. நீங்கள் வந்து லாக் (கணினியின் நடவடிக்கைப் பதிவு) படிப்பீர்கள், கெட்டிக்காரர்தான். ஆனால் அந்த சர்வரை அணைத்தால் எந்த பீரங்கி பேட்டரிக்குத் தொடர்பு போகும், எந்த போஸ்ட் இருட்டில் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாது. எந்த நாய் எதற்குக் குரைக்கும் என்று தெரியாதவனை ஊர்க்காவலுக்கு வைத்த கதை ஆகிவிடும்.

மேட்டுப்பாளையத்தான்:
சார், கிளார்க்குக்குப் பாடம் நடத்த வேண்டாம் என்று யார் சொன்னது? நடத்துங்கள். ஆனால் அதற்குப் பெயர் சைபர் பாதுகாப்புப் படை இல்லை, அலுவலக ஒழுங்கு.

நிஜமான போர் எப்படி வருகிறது என்று பாருங்கள். 2022 பிப்ரவரி 24, ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்னால், வயாசாட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் செயற்கைக்கோள் மோடம்கள் ஆயிரக்கணக்கில் செத்துப்போயின. உக்ரைன் ராணுவமும் அந்தச் சேவையைப் பயன்படுத்தியது. எந்த ஜவானும் பென் டிரைவ் செருகவில்லை. வெளியிலிருந்து நெட்வொர்க்கில் நுழைய உதவும், சரியாக அமைக்காத ஒரு வி.பி.என். கருவி வழியாகக் கம்பெனியின் நிர்வாக நெட்வொர்க்கில் நுழைந்து, அங்கிருந்தே மோடம்களுக்குக் கட்டளை போட்டார்கள். இதைப் புரிந்துகொள்ள மோடமின் உள்ளே கை வைத்தவன் வேண்டும். அவன் ஜபல்பூரில் இல்லை, பெங்களூரில் இருக்கிறான். அவனுக்கு வருகிற சம்பளத்தைக் கேட்டால் உங்கள் பிரிகேடியர் கோபித்துக்கொள்வார்.

இரண்டு நாள் கழித்து உக்ரைன் அமைச்சர் டெலிகிராமில் "ஐ.டி. ஆர்மி"க்கு ஆள் கூப்பிட்டார். வந்தவர்கள் எல்லாம் வெளியாட்கள்தான்.

ஓய்வு_சுபேதார்:
அந்த ஐ.டி. ஆர்மிதான் உங்கள் வாதத்துக்கே ஓட்டை. கூப்பிட்டவர்களில் யார் எந்த ஊர், யாருடைய ஆள், யாருக்குத் தெரியும்? அவர்கள் செய்தது பெரும்பாலும் வெப்சைட்டை முடக்குகிற வேலை. எதிரி தளத்தை முடக்க ஆயிரம் பேர் போதும். சொந்த நெட்வொர்க்கைக் காக்க, சாவியை நம்பிக் கொடுக்கக்கூடிய பத்துப் பேர் வேண்டும்.

கணினித்துறை_டீச்சர்:
இரண்டு பேரும் "யாரை எடுப்பது" என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எடுத்த ஆள் அந்த நாற்காலியில் எவ்வளவு நாள் உட்காருகிறார் என்பதை யாரும் கேட்கவில்லை.

என்னிடம் படித்த ஒரு பெண் குறுகிய கால ஆணையில் (ஷார்ட் சர்வீஸ்) அதிகாரியாகப் போனாள். சைபர் கோர்ஸில் முதல் வரிசை. ஒரு நெட்வொர்க்கின் இயல்பு அவளுக்குப் பிடிபட ஒரு வருடம் ஆனதாம், எந்த நேரத்தில் எவ்வளவு டிராஃபிக் போகும், எது வழக்கமான சத்தம், எது புதுசு என்று. அந்தப் பிடி வந்த கையோடு போஸ்டிங் வந்துவிட்டது. புது இடத்தில் அவள் பார்ப்பது ரேடியோ ரிலேயும் ஜெனரேட்டர் டீசல் கணக்கும். அவள் இடத்துக்கு வந்தவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். ஊர் பெயர், யூனிட் பெயர் வேண்டாம்.

இது நம் நோய் மட்டும் இல்லை. அமெரிக்காவில் அரசுத் தணிக்கை அலுவலகம் 2022 டிசம்பரில் இதைப் பற்றியே ஒரு அறிக்கை கொடுத்தது. அங்கே சில உயர்நிலை சைபர் பயிற்சிக்கு ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆகிறது, செலவு லட்சக்கணக்கான டாலர். பயிற்சி முடித்தவர் இத்தனை வருடம் கட்டாயம் பணியாற்ற வேண்டும் என்ற விதியே சில படைகளில் ஒழுங்காக இல்லை என்று கண்டுபிடித்தார்கள். அரசு பணத்தில் படித்துவிட்டு நேரே தனியார் கம்பெனி.

இந்தக் கணக்கில், ஜவான்களைக் குறுகிய காலத்துக்கு எடுக்கும் அக்னிபத் திட்டத்தையும் வைத்துப் பாருங்கள். நான்கு வருடம், அதில் முதல் ஆறு மாதம் அளவுக்கு அடிப்படைப் பயிற்சி. மிச்சம் மூன்றரை. நிரந்தரமாக எடுத்துக்கொள்வது அதிகபட்சம் 25 சதவீதம். கை தேறுகிற நேரத்தில் முக்கால்வாசிப் பேர் வீட்டுக்கு.

மேட்டுப்பாளையத்தான்:
டீச்சர், அக்னிபத் விஷயத்தில் எனக்கு வேறு கணக்கு. வெளியே வருகிற முக்கால்வாசிப் பேரில் சைபர் தெரிந்தவன் மாநில போலீஸ் சைபர் கிரைமுக்குப் போனால் நல்லதுதானே? எங்கள் மாதிரி இடத்துக்கும் வரலாம். இரவு ஷிஃப்டுக்குத் தூங்காத ஆள் கிடைப்பதே கஷ்டம்.

கணினித்துறை_டீச்சர்:
நல்லதுதான், போலீஸுக்கும் உங்கள் வங்கிக்கும். ராணுவத்துக்கு என்ன நல்லது என்றுதானே திரி ஆரம்பித்தீர்கள்?

ஈசூன்வாசி:
சிங்கப்பூரிலிருந்து ஒரு தகவல். இங்கே தேசிய சேவை ஆண் குடிமக்கள் எல்லாருக்கும் கட்டாயம். 2018-ல் சைபருக்கென்று தனிச் சேவைத் திட்டம் கொண்டுவந்தார்கள். தேர்வு வைத்துத் திறமை உள்ளவனைப் பிரிக்கிறார்கள். அதில் மேல்நிலையில் தேறினவன், சேவையிலேயே பல்கலைக்கழகப் பாடங்களைப் படித்து டிகிரிக்குக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குக் கட்டாய சேவை இரண்டு வருடம் போதாது, கூடுதல் வருடங்களுக்கு ஒப்பந்தம் போட வேண்டும். சம்பளமும் அதற்கேற்ற மாதிரி. 2022 அக்டோபரில் தரை, கடல், வான் படைகளோடு நான்காவதாக டிஜிட்டல், உளவு வேலைகளுக்கே ஒரு படை ஆரம்பித்துவிட்டார்கள். அதாவது போஸ்டிங் மாறினாலும் அதே துறைக்குள்தான் மாறும்.

பயிற்சி எப்படி என்றால், இங்குள்ள தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றைச் சின்ன அளவில் நிஜமாகவே கட்டி வைத்திருக்கிறார்கள். குழாய், பம்ப், தொட்டி, கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் உண்மை. ஒரு குழு தாக்கும், இன்னொரு குழு காக்கும். திரையில் தொட்டி பாதிதான் நிறைந்ததாக எண் காட்டும், பக்கத்தில் போய்ப் பார்த்தால் தண்ணீர் விளிம்பு தட்டும். திரையை நம்பக் கூடாது என்பது அங்கே நின்றால்தான் மண்டையில் ஏறும்.

ஓய்வு_சுபேதார்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். செய்து பார்த்தால்தான் வரும். எங்கள் காலத்தில் சைபர் வகுப்பு என்றால் ஹாலில் நூற்றைம்பது பேர், ஒரு பிபிடி, "செய்யக் கூடாதவை" என்று ஒரு பட்டியல், கடைசியில் கையெழுத்து ரிஜிஸ்டர். கையெழுத்து போட்டால் பயிற்சி பெற்றவன். பின் வரிசையில் பாதிப் பேர் குறட்டை.

மேட்டுப்பாளையத்தான்:
சிங்கப்பூர் ஒரு ஊர் சார். நம் ராணுவம் பத்து லட்சம் பேருக்கு மேல்.

ஈசூன்வாசி:
அண்ணே, ஊர் சின்னதுதான், ஒத்துக்கிறேன். ஆனால் பத்து லட்சம் பேருக்கும் இது வேண்டாமே. எஸ்டோனியா எங்களை விடச் சின்ன மக்கள்தொகை. 2007-ல் ஒரு சோவியத் சிலையை இடம் மாற்றியதற்காக வாரக்கணக்கில் வங்கி, பத்திரிகை, அரசுத் தளங்கள் எல்லாம் திணறின. அடுத்த வருடமே தலைநகர் தாலினில் நேட்டோ அங்கீகாரத்தோடு சைபர் மையம் வந்தது. 2010-லிருந்து அவர்கள் நடத்துகிற "லாக்டு ஷீல்ட்ஸ்" பயிற்சியில் பெரிலியா என்று ஒரு கற்பனை நாடு. காக்கும் குழுக்களான ப்ளூ டீம்கள் அதன் மின்சாரம், ராணுவ நெட்வொர்க் எல்லாவற்றையும் நேரடித் தாக்குதலுக்கு நடுவில் காப்பாற்ற வேண்டும். அந்த நேரத்திலேயே பத்திரிகையாளர் கேள்வி வரும், சட்டக் கேள்வி வரும், மேலிடத்துக்கு அறிக்கையும் எழுத வேண்டும். டெக்னிக்கலாகக் கில்லியாக இருந்தாலும் அறிக்கை சொதப்பினால் மார்க் போய்விடும்.

கணினித்துறை_டீச்சர்:
அந்த அறிக்கை விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. 2019-ல் கூடங்குளம் ஞாபகம் இருக்கிறதா? ராணுவம் இல்லை, ஆனால் பாடம் ஒன்றுதான். அக்டோபர் 29 அன்று நிலையம் மறுத்தது, தனித்த நெட்வொர்க், தாக்குதல் சாத்தியமே இல்லை என்று. மறுநாளே அணுமின் கழகம் ஒத்துக்கொண்டது, நிர்வாக வேலைக்கான நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் இருந்தது என்று. அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அதைச் செப்டம்பர் 4-ஆம் தேதியே தெரிவித்திருந்தது. உலைக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, அது உண்மை. ஆனால் ஒரு நாளில் பேச்சு மாறியதும் மக்கள் எதையும் நம்பத் தயாராக இல்லை. சர்வரைக் காக்கிறவனுக்கு, என்ன சொல்லலாம், எப்போது சொல்லலாம் என்று யார் பயிற்சி கொடுக்கிறார்கள்?

நம் ராணுவமும் 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 ஆப்களை அழிக்கச் சொல்லி உத்தரவு போட்டது. உத்தரவு போடுவது சுலபம். லடாக்கில் இருக்கிறவனுக்கு வீட்டோடு பேச என்ன வழி, முன்பின் தெரியாத பெண் பெயரில் மெசேஜ் வந்தால் வெட்கப்படாமல் யாரிடம் சொல்வது? சொன்னால் தண்டனை என்றால் ஒருத்தனும் சொல்ல மாட்டான். இதையும் பாடத்தில் சேருங்கள்.

ஓய்வு_சுபேதார்:
டீச்சரம்மா சொன்ன கடைசி வரிக்கு நூறு மார்க். பயந்து மறைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மேட்டுப்பாளையம் தம்பிக்கு: வெளியாளைக் கொண்டுவர வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. டெரிட்டோரியல் ஆர்மி இருக்கிறது. ரயில்வே, எண்ணெய்த் துறை ஆட்களைக் கொண்ட யூனிட்டுகள் அதில் ஏற்கெனவே உண்டு. வேலையில் இருந்துகொண்டே வருடா வருடம் சீருடை போட்டுப் பயிற்சிக்கு வருவார்கள், தேவைப்பட்டால் கூப்பிடுவார்கள். உங்களைப் போன்றவர்களுக்கும் அப்படி ஒரு யூனிட் இருக்கலாம். ஆனால் தளபதி உள்ளே வளர்ந்த ஆளாக இருக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மேட்டுப்பாளையத்தான்:
யோசனை நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு சிக்கல். ரயில்வேயும் எண்ணெய்க் கம்பெனியும் அரசுடையது, விடுவிப்பார்கள். என் கம்பெனி விடுமா? அதுவும் போர் வந்தால்? போர் நாளில் முதல் அடி வங்கிக்கும் மின்சாரத்துக்கும்தான் விழும். நீங்கள் என்னை எல்லைக்குக் கூப்பிடுகிற அதே இரவில் என் மேனேஜரும் என்னைக் கூப்பிடுவார். ஒரே ஆளை இரண்டு பட்டியலிலும் எழுதி வைத்துக்கொண்டு நம்மிடம் படை இருக்கிறது என்று எண்ண முடியாது.

ஓய்வு_சுபேதார்:
அதனால்தான் தம்பி சொந்தமாக வளர்க்கச் சொல்கிறேன்!

மேட்டுப்பாளையத்தான்:
வளர்த்து, கை தேறுகிற நேரத்தில் டீசல் கணக்கு எழுத அனுப்பவா?

கணினித்துறை_டீச்சர்:
😄 அனுப்பாமல் இருக்கலாம். சைபருக்கே தனி அணி (கேடர்) ஒன்று வேண்டும், பதவி உயர்வும் அதற்குள்ளேயே. அமெரிக்கத் தரைப்படை 2014-ல் சைபருக்குத் தனிக் கிளை அமைத்தது. நம்மிடம் சிக்னல்ஸ் அதிகாரி கர்னல் ஆக வேண்டுமென்றால் யூனிட் நடத்திக் காட்ட வேண்டும், கீபோர்டிலேயே உட்கார்ந்திருந்தால் பதவி உயர்வு போர்டில் அடிபடுவார் என்று என் மாணவி சொல்கிறாள். அந்த விதியை மாற்றாமல் எத்தனை கோர்ஸ் நடத்தினாலும் ஓட்டைப் பானைதான்.

பன்னிரண்டாம்_வகுப்பு:
மன்னிக்கவும், இடையில் ஒரு கேள்வி. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். எனக்கு சி.டி.எஃப். மாதிரி ஹேக்கிங் போட்டி எல்லாம் பிடிக்கும். ராணுவத்தில் சேர்ந்தால் சைபர் கிடைக்குமா, இல்லை வேறு எங்காவது போட்டுவிடுவார்களா?

ஓய்வு_சுபேதார்:
தம்பி, கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் உன் குரூப்பில் இருக்கும்தானே? அப்படியானால், பிளஸ் டூ முடித்து அதிகாரி ஆகும் வழியான 10+2 டெக்னிக்கல் என்ட்ரி பார். ஜே.இ.இ. மெயின் எழுதியிருக்க வேண்டும், பிளஸ் டூவில் மூன்றிலும் சேர்த்து 60 சதவீதம். அப்புறம் அதிகாரித் தேர்வுக்கான எஸ்.எஸ்.பி. நேர்காணல். சிக்னல்ஸ் கேட்கலாம், கொடுப்பது அவர்கள் கையில். ஓடிப் பழகு.

மேட்டுப்பாளையத்தான்:
தம்பி, கிடைக்கவில்லை என்றால் எனக்கு மெசேஜ் போடு. இங்கே ஓட வேண்டாம், ஆனால் தூக்கம் கிடைக்காது.

பன்னிரண்டாம்_வகுப்பு:
சரிங்க. சிக்னல்ஸ் கொடுத்து, அதில் சைபரும் கொடுத்தால், எத்தனை வருடம் அதிலேயே விடுவார்கள்?

கணினித்துறை_டீச்சர்:
சுபேதார் ஐயா, இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.