ரன்வேக்குப் பக்கத்தில் ஓடைப் பாலம் மாற்ற யாரிடமெல்லாம் அனுமதி வாங்க வேண்டும்? (உச்சிப்புளி பக்கம்)

கொண்டல்காற்று (கேள்வி)

எங்கள் ஊர் உச்சிப்புளிக்கும் தெற்குக் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. கடற்படை விமான தளத்தின் வேலியை ஒட்டி ஒரு ஓடை வரும். மழைக்காலத்தில் மேலே உள்ள இரண்டு ஊருணிகள் நிரம்பி வழிகிற தண்ணீரும் பனங்காட்டுத் தண்ணீரும் அதில் சேர்ந்துதான் மன்னார் வளைகுடாவுக்குப் போகும். எங்கள் ஊர்ச் சாலை அந்த ஓடையைக் கடக்கிற இடத்தில் இரண்டடி விட்டத்தில் இரண்டு ஹியூம் பைப் போட்டு மேலே மண் கொட்டியிருக்கிறார்கள். அப்போது போட்ட கான்ட்ராக்டர் எந்தக் கணக்கில் போட்டாரோ, ஒரு பைப்பில் பாதிக்கு மேல் மணல் அடைத்துக் கிடக்கிறது.

2024 நவம்பர் 20 மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். பாம்பனில் 3 மணி நேரத்தில் 19 செ.மீ. கொட்டிய நாள். அன்றைக்கு எங்கள் சாலைக்கு மேல் இடுப்பளவு தண்ணீர், மறுநாளும் வடியவில்லை. டயாலிசிஸுக்குப் போக வேண்டிய ஒரு பெரியவரைக் கயிற்றுக் கட்டிலோடு நான்கு பேர் தலைக்கு மேல் தூக்கிப் போனோம், அதில் நானும் ஒருவன். இனி ஒரு மழையில் அப்படிப் போக முடியாது என்று ஊர்க்கமிட்டியில் முடிவு பண்ணி, பைப்பை எடுத்துவிட்டு இரண்டு கண் (திறப்பு) உள்ள பாக்ஸ் கல்வெர்ட், அதாவது பெட்டி மாதிரி கான்கிரீட் சிறுபாலம் கேட்டிருக்கிறோம். அதிகாரிகள் எஸ்டிமேட் போடத் தயார், ஆனால் அனுமதி எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

இங்கேதான் குழப்பம். ஒருவர் சொல்கிறார், விமான தளத்துக்குப் பக்கத்தில் எது செய்தாலும் முழு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, மக்கள் கருத்துக்கேட்பு எல்லாம் வேண்டும், பல லட்சம் ஆகும் என்று. இன்னொருவர், இது சாதாரண ஓடை, ஒரு ஜேசிபி விட்டால் இரண்டு ராத்திரியில் முடிந்துவிடும் என்கிறார். எதை நம்புவது?

விவரம்: பாலத்துக்கும் ரன்வே முனைக்கும் சுமார் 700 மீட்டர். கடல் ஒன்றரை கிலோமீட்டர். ஓடை அகலம் 12 மீட்டர். கோடையிலும் பைப்புக்குக் கீழே கொஞ்சம் தண்ணீர் நிற்கும். பைப்பின் உள்சுவரில் ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டலசு (ஓடு கூரான சின்னக் கடல் உயிரி) ஒட்டியிருக்கிறது, பையன்கள் இறங்கிக் காலைக் கிழித்துக்கொள்வார்கள்.

ஓவர்சியர்_பரமக்குடி

தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் கடைசி வரியிலேயே இருக்கிறது. கொட்டலசு நல்ல தண்ணீரில் ஒட்டாது. அது ஒட்டியிருக்கிறது என்றால் ஓதம், அதாவது கடல் நீர் ஏற்றம், அந்தப் பைப் வரைக்கும் ஏறி இறங்குகிறது என்று அர்த்தம். அப்புறம் அதை மழைத்தண்ணீர் ஓடை என்று எழுதிக் கொடுத்தால், நேரில் வந்து பார்க்கிறவர் முதல் பார்வையிலேயே கோப்பைத் திருப்பிவிடுவார்.

முதலில் பயத்தை விடுங்கள். 2006 தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் விமான நிலையம் இருக்கிறது, ஊர்ச் சாலையில் போடும் சிறுபாலம் இல்லை. விமான தளத்தை விரிவாக்குகிறவர்கள் தங்கள் திட்டத்தின் ஒரு பகுதியாக அந்த ஓடையில் கை வைத்தால் அது வேறு கதை. நீங்கள் கேட்பது சாலைக்கான பாலம். கருத்துக்கேட்பு எல்லாம் உங்களுக்கு இல்லை.

உங்களுக்கு உள்ளது கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், சி.ஆர்.இசட். பலர் நினைக்கிற மாதிரி அது கடற்கரையில் 500 மீட்டரோடு முடிவதில்லை. ஓதம் ஏறும் ஓடை, கழிமுகம் வழியாக உள்ளே வரும். எவ்வளவு தூரம் என்றால், ஆண்டிலேயே வறண்ட காலத்தில் தண்ணீரின் உப்பு ஆயிரத்துக்கு 5 பங்கு, அதாவது லிட்டருக்கு 5 கிராம் இருக்கிற இடம் வரைக்கும். கடல் தண்ணீர் 35 கிராம் இருக்கும், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த இடத்துக்குக் கீழே உங்கள் பாலம் இருந்தால் மண்டலத்துக்கு உள்ளே, மேலே இருந்தால் வெளியே. இரு கரையிலும் மண்டலம் எவ்வளவு அகலம் என்றால், 2011 அறிவிக்கையில் 100 மீட்டர், 2019 அறிவிக்கையில் 50 மீட்டர், அல்லது ஓடையின் அகலம், இதில் எது குறைவோ அது. உங்களுக்கு 12 மீட்டர்தான். ஆனால் பாலம் ஓடையிலேயே நிற்பதால் கரைக் கணக்கு பார்த்துத் தப்பிக்க முடியாது.

அதனால் முதல் வேலை உப்பு அளப்பது. இறால் பண்ணை வைத்திருப்பவர் யாரையாவது பிடியுங்கள், அவர்களிடம் ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கும், பேனா மாதிரி சின்ன கருவி, ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் கண்ணை வைத்துப் பார்ப்பது. ஓதம் ஏறி நிற்கும்போது ஒரு தடவை, வற்றி இறங்கினதும் ஒரு தடவை, பாலத்துக்கு மேலேயும் கீழேயும் பாருங்கள். இது அதிகாரப்பூர்வ அளவு ஆகாது, கோட்டைப் போட அங்கீகாரம் பெற்ற நிறுவனம்தான் வர வேண்டும். ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்று நீங்கள் தெரிந்துகொள்ள இது போதும்.

பாலம் மண்டலத்துக்கு உள்ளே வந்தால் விண்ணப்பம் பரிவேஷ் வழியாக, அது சுற்றுச்சூழல் அனுமதிக்கான மத்திய அரசின் இணையதளம். ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடற்கரை மண்டலக் குழு பார்த்து மாநில ஆணையத்துக்கு அனுப்பும், மண்டல வகையைப் பொறுத்து சில கோப்புகள் மத்திய அமைச்சகம் வரை போகும். விண்ணப்பம் ஊர்க்கமிட்டி பெயரில் போடக்கூடாது, சாலை யாருடையதோ அவர்கள்தான் போட வேண்டும். நான் வேலையில் இருந்தபோது ஒரு ஊரில் பொதுமக்கள் பெயரிலேயே போட்டு, எட்டு மாதம் மேசை மேசையாகச் சுற்றி, கடைசியில் மனுதாரருக்கு உரிமை இல்லை என்று ஒற்றை வரியில் திரும்பி வந்தது. அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. அந்த ஊர்ப் பெண்கள் குடத்தோடு அந்த ஓடையில் இறங்கி நடந்ததை இப்போது நினைத்தாலும் மனசு கேட்காது.

இணைக்க வேண்டியவை: கிராம நிர்வாக அலுவலரிடம் அ பதிவேடு நகலும் புல வரைபடமும், ஓடைப் புறம்போக்கு எந்த சர்வே எண்ணில் என்று. நீர்வளத் துறையின் கருத்து. கண்டல் மரம் (அலையாத்தி) இருந்தால் அதன் பரப்பு, 1000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் சுற்றி 50 மீட்டர் பாதுகாப்புப் பட்டை, அங்கே விதி ரொம்பக் கடுமை. பனை ஒன்றிரண்டு இடையில் நின்றால் வெட்டாமல் சாலையை வளையுங்கள், வெட்டியே ஆக வேண்டும் என்றால் அதற்கும் ஆட்சியர் அனுமதி.

இரண்டு ராத்திரியில் போடலாம் என்று சொன்னவரை மட்டும் கேட்காதீர்கள். பசுமைத் தீர்ப்பாயத்துக்கு ஒரு மனு போனால் கட்டின பாலத்தையும் இடிக்க வேண்டி வரும்.

சேது_சர்வே

அண்ணன் ஓடைப் பக்கம் சொல்லிவிட்டார், நான் வானத்துப் பக்கம் சொல்கிறேன். வேறு ஊரில் ஒரு விமான நிலையச் சுற்றுச்சுவர் வேலையில் சர்வேயராக இருந்தேன்.

பாலம் தரை மட்டத்தில்தானே, உயரத்துக்கு எதற்குச் சான்று என்று தோன்றும். பாலத்துக்கு இல்லை, பாலம் கட்ட வரும் வண்டிக்கு. கருவி உதவியோடு இறங்கும் பெரிய ஓடுபாதை என்றால் முனையிலிருந்து 60 மீட்டர் தள்ளி ஒரு கற்பனைச் சரிவுத் தளம் ஆரம்பிக்கும், 50 மீட்டருக்கு 1 மீட்டர் என்று உயரும், எதுவும் அதைத் தாண்டி நிமிரக் கூடாது. அந்தக் கணக்கில் 700 மீட்டரில் 640ஐ 50ஆல் வகுத்தால் 12.8 மீட்டர். ஓடுபாதையின் வகையைப் பொறுத்து இது மாறும், தரை மட்ட வித்தியாசத்தையும் சேர்க்க வேண்டும். ஜேசிபி பிரச்சினை இல்லை. ஆனால் பூம் பம்ப் (நீண்ட கையால் கான்கிரீட்டை ஏற்றும் வண்டி) நிமிர்ந்தால் 20 மீட்டரைத் தாண்டும், அதைக் கொண்டுவந்து நிறுத்தினால் வேலையை அங்கேயே நிறுத்துவார்கள். ரெடிமிக்ஸ் லாரியிலிருந்து சாய்தளத்தில் நேராக இறக்குகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கிரேன் வேண்டும் என்றால் எத்தனை மீட்டர் நிமிரும், எந்த நாள், எத்தனை மணி என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். அது கடற்படைத் தளம் என்பதால் கேட்க வேண்டியதும் அவர்களிடம்தான். 1903 பாதுகாப்புப் பணிகள் சட்டத்தில் தளத்தைச் சுற்றியுள்ள நிலத்துக்குக் கட்டுப்பாடு அறிவிக்க இடம் உண்டு, உங்கள் சர்வே எண் அதில் வருகிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

சர்வேக்கு டிரோன் பறக்க விடவே விடாதீர்கள். டம்பி லெவல் (முக்காலியில் வைத்து மட்டம் பார்க்கும் கருவி) போதும்.

இன்னொன்று, காகிதத்தில் வராது ஆனால் அதிலேதான் உயிர் இருக்கிறது. ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது காலி சிமெண்ட் சாக்கு எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். ரன்வே மேல் ஒரு சாக்கு கிடந்து என்ஜினுக்குள் போனால் என்ன ஆகும்? சாக்கு, பாலித்தீன் தாள், தெர்மாகோல் எல்லாவற்றையும் கல் வைத்த தொட்டியில் போட்டு மூடச் சொல்லி டெண்டரிலேயே எழுதுங்கள்.

முதுகுளத்தூர்_டு_டெக்சாஸ்

நான் இங்கே அமெரிக்காவில் வடிகால் வடிவமைப்பு பார்க்கிறேன். இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் யோசனை பொருந்தும் என்று எழுதுகிறேன்.

இங்கே ஓடையில் மண் போட ராணுவப் பொறியாளர் படையிடம் 404 அனுமதி, மாநிலத்திடம் 401 தண்ணீர்த் தரச் சான்று. ரெண்டும் 1972 தூய நீர்ச் சட்டத்தின் பிரிவுகள். சிறிய சாலைக் கடப்புகளுக்கு முன்கூட்டியே எழுதி வைத்த பொது அனுமதி ஒன்று உண்டு, அதில் ஓதம் ஏறாத நீரில் அரை ஏக்கர் வரை, ஓதம் ஏறும் நீரில் மூன்றில் ஒரு ஏக்கர் வரைதான். இங்கேயும் கேள்வி அதேதான், ஓதம் ஏறுகிறதா இல்லையா.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு உள்ள பெரிய நெருக்கடி பறவை. ஜெட் வந்துபோகிற இடம் என்றால் ஓடுதளப் பகுதியிலிருந்து 10,000 அடிக்குள் பறவை கூடும் நீர்நிலை உண்டாக்காதே என்பார்கள், மழைநீர்த் தொட்டி கட்டினால் மழை நின்று 48 மணி நேரத்துக்குள் முழுக்க வடிய வேண்டும். இதை உங்கள் கோப்பில் உங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்துங்கள். இப்போது இருக்கிற அடைத்த பைப்தான் தண்ணீரைத் தேக்கிக் கொக்கையும் நாரையையும் கூட்டுகிறது, புதுப் பாலம் அதை வடியவைக்கும் என்று எழுதினால் விமான தளத்துக்கும் அது வேண்டிய வேலை ஆகிவிடும்.

கணக்கும் வையுங்கள். நீர்ப்பிடிப்பு 1 சதுர கி.மீ., பாதி மழை ஓடி வரும் என்று வைத்தால், 3 மணி நேரத்தில் 19 செ.மீ. என்பது நொடிக்கு கிட்டத்தட்ட 8.8 கன மீட்டர். உங்கள் இரண்டு பைப்பும் சுத்தமாக இருந்தாலே, நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் 0.85 கன மீட்டர்தான் போகும். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரத்தில் இரண்டு கண் வைத்தால் அதே வேகத்தில் 9 வரும். சரியான பரப்பை அளந்து போட்டுக்கொள்ளுங்கள்.

வத்தைக்காரன்

எல்லாரும் தண்ணீர் வெளியே போவதையே பேசுகிறீர்கள். உள்ளே வருகிறது பற்றி யாரும் பேசவில்லை. மடவை மீன் குஞ்சும் இறால் குஞ்சும் ஓதத்தோடு அந்த ஓடை வழியாகத்தான் மேலே ஏறும். பைப் வாயில் தண்ணீர் ஒரு முழம் கீழே விழுந்தால் ஒரு குஞ்சும் ஏறாது, வாயிலேயே கூட்டமாக முட்டிக்கொண்டு நிற்கும், கொக்குக்கு அதுதான் சாப்பாடு. பாக்ஸின் தரையை ஓடைத் தரையைவிட ஒரு சாண் கீழே இறக்கிப் போடச் சொல்லுங்கள், மணல் தானாக வந்து படியும், குஞ்சுக்கு அது பழகின தரை.

தை பிறந்து தண்ணீர் வடிந்ததும் தொடங்குங்கள், புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசியில் மண்ணைக் கிளறிப் போட்டால் அத்தனை சேறும் கடலுக்குத்தான் போகும். எதிரே இருக்கிற தீவுகள் 1986லிருந்து தேசியப் பூங்கா, சுற்றிப் பவளப்பாறையும் கடல்தாழையும் (கடல் புல்). சேறு படிந்தால் தாழை செத்துப்போகும், அதை மேய வருகிற ஆவுளியா (கடற்பசு) எங்கே போகும்? ஓடையில் கீழே இரண்டு இடத்தில் மணல் மூட்டைத் தடுப்புப் போட்டு, வேலை முடிந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

வேலைக்கு வருகிறவர்கள் மீன் கழிவு, சோறு எதையும் கரையில் கொட்டக்கூடாது. விமான நிலையத்திலிருந்து 10 கி.மீ.க்குள் பறவை கூடும்படி குப்பை கொட்டக் கூடாது என்று 1937 விமான விதிகளிலேயே இருக்கிறது.

கொண்டல்காற்று

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஓவர்சியர் அண்ணே, நீங்கள் சொன்னபடி நேற்று ஒரு பண்ணைக்காரரிடம் கருவி வாங்கிக்கொண்டு போனோம். ஓதம் ஏறி நிற்கும்போது பைப்புக்குக் கீழே 24, வற்றினபோது 17. பைப்புக்கு மேலே 50 மீட்டரில் 11. முந்நூறு மீட்டர் மேலே, வேலிக்குப் பக்கத்தில் ஒரு ஈச்சம்புதர் இருக்கிறது, அங்கே 4. அப்போ பாலம் மண்டலத்துக்கு உள்ளேதான். ஊரில் சிலருக்கு வருத்தம், ஆனால் தெரிந்துவிட்டதே என்று எனக்கு நிம்மதி.

கண்டல் எண்ணினோம், பைப்புக்குக் கீழே கரையோரமாகச் சின்னது பெரியதாக 41 மரம், பரப்பு 1000 சதுர மீட்டருக்கு ரொம்பக் குறைவு. பனை எதுவும் இடையில் இல்லை. வத்தைக்கார அண்ணே, பைப் வாயில் விழுகிற உயரம் 38 செ.மீ., நீங்கள் சொன்ன மாதிரியே அங்கே மடவைக் குஞ்சு முட்டிக்கொண்டு நிற்பதைக் கண்ணால் பார்த்தேன், இத்தனை வருஷம் அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை கிராம நிர்வாக அலுவலரிடம் வரைபட நகல் கேட்கப் போகிறோம். சாலையின் உரிமையாளர் பெயரிலேயே விண்ணப்பம் போடச் சொல்லிக் கமிட்டித் தீர்மானம் எழுதிவிட்டேன். சேது_சர்வே, தளத்துக்கு எழுதும் கடிதத்தில் கிரேன் உயரத்தோடு வேறு என்ன சேர்க்க வேண்டும் என்று ஒரு மாதிரி எழுதித் தர முடியுமா?

சேது_சர்வே

தருகிறேன். சர்வே எண், பாலத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, கடல் மட்டத்திலிருந்து தரை உயரம், வண்டி வகை ஒவ்வொன்றுக்கும் அதிக உயரம், வேலை நேரம் பகல் மட்டும், இரவு விளக்கு இல்லை, பொறுப்பாளர் ஒருவரின் தொலைபேசி. ஓதம், மழை, கொக்கு பற்றி மேலே பேசியதை அரைப் பக்கத்தில் சேருங்கள். ராத்திரி தனிச்செய்தியில் மாதிரி அனுப்புகிறேன்.