அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் ஜெர்ரி ரைஸ் 42 வயது வரை எப்படி ஆடினார்?

ஹட்டன் ரசிகன்:
வைட் ரிசீவர் என்றால் முழு வேகத்தில் ஓடிப் பந்தைப் பிடிக்க வேண்டும், பிடித்த கையோடு அடியும் விழும், அப்படியிருந்தும் இவர் 20 சீசன் ஆடியிருக்கிறாரே, எப்படி அண்ணாமார்?

பண்டாரவளை:
தம்பி, அவர் மேடு ஏறி ஓடியவர். சீசன் இல்லாத மாதங்களில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் சுமார் 4 கிலோமீட்டர் மலைப்பாதையில் விடாமல் ஓடுவார். கொழுந்து மூட்டையோடு நம் குறுக்குப் பாதையில் ஏறுபவர்களுக்கு அந்த மூச்சிரைப்பு தெரியும்.

நுவரெலியா:
ரைஸின் அப்பா மேசன். அவருக்கு உதவியாக, எறியும் செங்கல்லைப் பிடித்துப் பழகிய கை அது. சின்னக் கல்லூரியில் இருந்து வந்தவரை 1985இல் NFL லீக்கின் புது வீரர் தேர்வில் 16ஆவது ஆளாக எடுத்தார்கள். பந்தைப் பிடித்து அவர் கடந்த தூரம் மொத்தம் 22,895 யார்டு, இன்னும் ஒருவரும் கிட்டக்கூட வரவில்லை!

ஹட்டன் ரசிகன்:
சரி, மேடு ஓடினால் முழங்கால் போகாதா?

பண்டாரவளை:
இறங்கும்போதுதான் வலிக்கும், நடந்து இறங்கு.