மூலைக் கட்டடத்துக்கு இரண்டு தெரு, இரண்டு மொழி: முகவரியை எப்படிப் பதிவது?

மூலைவீடு:
யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (ஓஎஸ்எம்) ஒரு இருமொழி நகரத்தை வரைகிறேன். மூலையில் ஒரு கட்டடம், ஒரு தெருப்பக்கம் வாசலில் 12 என்று பலகை, திரும்பினால் அடுத்த தெருவில் 45. போதாக்குறைக்கு தெருப் பலகை ஒவ்வொன்றிலும் இரண்டு மொழி. எனக்கு முன்னால் வரைந்தவர் கட்டடத்தின் மேலேயே "12;45" என்று போட்டு, முகவரியின் தெரு டேகில் (தெருப்பெயரை எழுதும் தகவல் புலம்) நான்கு பெயரையும் அரைப்புள்ளி வைத்துக் கோத்திருக்கிறார். 45ஐத் தேடினால் வருவதே இல்லை. எப்படிப் பிரிப்பது?

கோடுபோடுபவர்:
வராதுதான். ஓஎஸ்எம்மின் தேடல் கருவியான நாமினேட்டிம், முகவரியில் இருக்கிற தெருப்பெயரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் அதே பெயரில் தெரு இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் கிட்டத்தில் இருக்கும் தெருவோடு சேர்த்துவிடும். நான்கு பெயர் கோத்த சரம் எந்தத் தெருவோடும் பொருந்தாது, அதனால் 12, 45 இரண்டும் ஒரே தெருவில் போய் உட்கார்ந்திருக்கும். கட்டடத்திலிருந்து முகவரியை எடுத்துவிட்டு, இரண்டு வாசலிலும் தனித்தனிப் புள்ளி வைத்து, அந்தந்தத் தெருவின் பெயரையும் எண்ணையும் கொடுங்கள். ஒரே தெருவில் ஒரே வாசலுக்கு 12, 14 என்று இரண்டு எண் இருந்தால் மட்டும் அரைப்புள்ளி போதும்.

மூலைவீடு:
சரி, ஆனால் தெரு டேகில் எந்த மொழி?

கோடுபோடுபவர்:
தெருவின் நேம் டேகில் என்ன இருக்கிறதோ அது அப்படியே, நடுவில் இருக்கும் கோடு, இடைவெளி உட்பட. பிரஸ்ஸல்ஸில் பிரெஞ்சுப் பெயர், சிறு கோடு, டச்சுப் பெயர் என்று சேர்த்துத்தான் தெருவுக்கே பெயர் வைக்கிறார்கள், முகவரியும் அதையே சொல்லும். தனித்தனி மொழிப் பெயர்கள் மொழிக் குறியீட்டோடு தெருவில் இருந்தால் போதும், எந்த மொழியில் தேடினாலும் கிடைக்கும். ஒவ்வொரு வீட்டிலும் எழுதினால், நாளைக்குத் தெருப்பெயர் மாறும்போது யார் உட்கார்ந்து திருத்துவது?

அஞ்சல்பை:
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. முகவரிப் புள்ளிகளை மட்டும் உருவி எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் நிறைய. அவர்கள் கையில் தெரு இருக்காது, சேர்த்து எழுதிய பெயரை எங்கே வெட்டுவது என்றும் தெரியாது, பெயருக்குள்ளேயே கோடு இருந்தால் அவ்வளவுதான். முகவரியின் தெரு டேகிலும் மொழிக் குறியீடு சேர்த்துப் போடலாம், தப்பில்லை. பெயர் மாறினால் தெருவையும் முகவரிகளையும் ஜோசம் என்ற வரைபடத் திருத்தியில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரே மூச்சில் மாற்றிவிடலாம்.

கோடுபோடுபவர்:
போடுங்கள், மொழிக் குறியீடு இல்லாத முதன்மைத் தெரு டேகை மட்டும் தொடாதீர்கள். அது தெருவோடு ஒத்துப்போகாவிட்டால் பிழைகளைக் காட்டும் ஓஎஸ்எம் இன்ஸ்பெக்டரில் தெரு கிடைக்கவில்லை என்று வந்து நிற்கும்.

பழையஎண்:
ஒரு சின்ன சேர்ப்பு. இரண்டு எண் என்றாலே இரண்டு முகவரி என்று முடிவுகட்ட வேண்டாம். செக் நாட்டில் கட்டடப் பதிவு எண் ஒன்று, தெரு வரிசை எண் ஒன்று, இரண்டும் ஒரே முகவரிதான், அவற்றுக்குத் தனித்தனி டேக் உண்டு. ஃபிளாரன்ஸில் நேர்மாறு: கடைகளுக்குச் சிவப்பு எண், வீடுகளுக்கு வேறு வரிசை, ஒரே தெருவில் ஒரே எண் இரண்டு இடத்தில் வரும். அங்கே சிவப்பு எண்ணுக்குப் பின்னால் 'ஆர்' எழுத்தைச் சேர்த்தே ஆக வேண்டும். அப்புறம், இரண்டாம் முகவரிக்கென்று எண் 2 சேர்த்த டேக் வரிசை ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது, பல செயலிகள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மூலைவீடு:
இங்கே வாசல் இரண்டும் வேறுவேறு, அதனால் புள்ளிதான். பிரித்துவிட்டு, மாற்றக் குறிப்பில் காரணத்தையும் எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் யாராவது மறுபடி அரைப்புள்ளி போட்டுக் கோத்துவிடுவார்கள்.