கொக்குவில் வீட்டார் குழு: அப்பாவின் ரயில் பலகைக்கு எந்தச் சுழல்மேடை?

லண்டன் சித்தப்பா: அண்ணை, நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது உங்கள் மாதிரி ரயில் பலகைக்கு, எஞ்சினை ஏற்றித் திசை திருப்பும் ஒரு சுழல்மேடை வாங்கி வர எண்ணியிருக்கிறேன். அட்லஸ், ஹோர்ன்பி, பெக்கோ, ஃப்ளைஷ்மன் ஆகிய கம்பனிகளில் எதனுடையது வேண்டும் என்று இந்தக் கிழமைக்குள் சொல்லுங்கள்.

அப்பா: மிக்க சந்தோசம் தம்பி. மோட்டார் பூட்டியதாக இருந்தால் நல்லது.

பெரியண்ணை: அப்பா, மோட்டாரைப் பிறகு பார்ப்போம், முதலில் எஞ்சின் ஏறி நின்று சுற்றும் பாலத்தின் நீளத்தைத் தீர்மானிக்க வேண்டும். இரு நுனிகளிலும் நீட்டியிருக்கும் இடிதாங்கிகளான பஃபர் முதல் பஃபர் வரை அளக்கத் தேவையில்லை. எஞ்சினின் முதற் சில்லிலிருந்து, அதன் பின்னால் கரியும் தண்ணீரும் கொண்டுவரும் டெண்டரின் கடைசிச் சில்லு வரை எவ்வளவோ அதுதான் கணக்கு. உங்களுடைய ஃப்ளையிங் ஸ்கொட்ஸ்மன் எஞ்சின் அந்த அளவில் ஏறத்தாழ 25 செ.மீ. வருகிறது. அட்லஸின் பாலம் 9 அங்குலம், அதாவது 23 செ.மீ. கூட இல்லை என்பதால் அதை இப்போதே விட்டுவிடலாம். பெக்கோவின் பாலம் ஏறத்தாழ 30 செ.மீ.; எஞ்சினைச் சற்று முன்பின்னாக நிறுத்தினாலும் சில்லு வெளியே நிற்காது.

அக்கா: பெக்கோவுக்குப் பலகையில் குழி வெட்ட வேண்டுமாமே? மாரியில் பிளைவூட் ஊதினால் வட்டம் கோணலாகிவிடாதா?

பெரியண்ணை: குழியே பிளாஸ்டிக்கில் வார்த்து வருவதால் பாலம் சுற்றும் வட்டம் பலகையை நம்பியிருக்காது. ஆனாலும் வெட்டிய விளிம்பு முழுவதற்கும் வார்னிஷ் பூச வேண்டும். கீழேயுள்ள சட்டம் எதுவும் குழிக்குக் குறுக்கே வராதபடி இடத்தை ஓடாவியாரிடம் முன்பே காட்டிவிடவும் வேண்டும். ஹோர்ன்பியை வெட்டாமல் பலகையின் மேலேயே வைக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் குழிக்குள் பாலம் இறங்கியிருக்கும் அந்தத் தோற்றம் அதில் கிடைக்காது. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

அப்பா: மின்சாரம் எப்படி? பாலம் அரைச் சுற்றுச் சுற்றினால் இடத் தண்டவாளம் வலத்துக்கு வந்துவிடுமே.

பெரியண்ணை: சரியான கேள்வி அப்பா. பாலத்துக்கு நேரே இரண்டு வயர் கொடுத்தால், திரும்பி நின்றதும் வெளித் தண்டவாளத்தோடு நேர், எதிர் மின்முனை மாறி ஷோர்ட் ஆகிவிடும். நடு அச்சில் இரண்டாகப் பிளந்த உலோக வளையம் இருந்தால் முனை தானாகவே மாறும், ஆனால் அந்தப் பிளவு நேராக நோக்கும் திசையில் எந்தப் பாதையும் போடக்கூடாது. நீங்கள் பிறகு எஞ்சின்களை டிஜிட்டல் சைகையால் ஓட்டும் டிசிசி முறைக்கு மாறினால் இந்த வேலையைத் தானியங்கி முனைமாற்றி ஒன்று செய்துவிடும்.

லண்டன் சித்தப்பா: ஃப்ளைஷ்மன் 7.5 பாகைக்கு ஒரு பாதை தருகிறது. அது கூடுதல் வசதி அல்லவா?

பெரியண்ணை: எட்டுக்கு நாலடிப் பலகையில் அது வசதியாக இராது சித்தப்பா. 7.5 பாகையில் குழியின் விளிம்பில் இரு பாதைகளுக்கிடையே 2 செ.மீ. தான் இருக்கும், இரண்டு எஞ்சின்கள் உரசாமல் நிற்க 5 செ.மீ. வேண்டும் என்றால் விளிம்பிலிருந்து 23 செ.மீ. தள்ளித்தான் நிறுத்தலாம். 15 பாகை விட்டுப் போட்டால் 4 செ.மீ. தள்ளினாலே போதும். எங்களுக்கு ஐந்து பாதைகள்தான் தேவை.

அப்பா: அப்படியென்றால் பெக்கோவையே எடுத்து வா தம்பி. மோட்டாரைப் பிறகு தனியாகப் பூட்டலாம், அதுவரை கையால் சுற்றுகிறேன்.

பெரியண்ணை: சித்தப்பா, எங்கள் தண்டவாளம் கோட் 100, அதாவது 2.5 மி.மீ. உயரம். பாலத்துக்கும் அதே தண்டவாளத்தில் இரண்டு நீளம் சேர்த்து எடுத்து வாருங்கள்.