மார்க் போடச் சொல்லாதீங்க, வரையச் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். வெளியில இருக்கற நாம பணம் அனுப்பி நம்ம ஊர்ல சமுதாயக் கூடம் கட்டறதுக்கு முன்னாடி ஊர் மக்கள் மனசு தெரிஞ்சுக்கணும்னு தம்பி போட்ட கேள்விப் பட்டியலப் பாத்தேன். நல்ல உழைப்புதான், குறை சொல்ல வரல. ஆனா "உங்க ஊரு மேல உங்களுக்கு எவ்ளோ பற்று, ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள மார்க் போடுங்க"ன்னு கேட்டா யாரு தம்பி ரெண்டு போடுவா? அதுவும் கேக்கறது பணம் அனுப்பற ஆளுங்கன்னு தெரிஞ்சா எல்லாரும் அஞ்சுதான் போடுவாங்க, நாமளும் ஆஹான்னு சந்தோஷப்பட்டுட்டு நாம ஏற்கனவே நினைச்சு வச்சிருந்ததையே கட்டிட்டு வந்துருவோம்.

பார்ட்டிசிபேட்டரி டிசைன்னு ஒண்ணு இருக்கு, யாருக்காக செய்யறோமோ அவங்களையே கூட உக்கார வச்சு வடிவமைக்கறது. இது ஆரம்பத்துல ஊரு தெரு சம்பந்தப்பட்டதே இல்ல, 1970கள்ல ஸ்காண்டிநேவியாவுல, அதாவது ஸ்வீடன், நார்வே, டென்மார்க் பக்கம், தொழிற்சங்கம் பக்கத்துலேருந்து வந்தது, வேலையிடத்துக்கு கம்ப்யூட்டர் வருது, அது எப்படி இருக்கணும்னு வேலை செய்யறவனும் சொல்லணும்னு. 1981ல அங்க ஆரம்பிச்ச உட்டோப்பியாங்கற ப்ராஜெக்ட்ல அச்சுத் தொழிலாளிங்க முன்னாடி ஒரு வெறும் அட்டைப்பெட்டிய வச்சு, இதுதான் லேசர் பிரிண்டர்னு வச்சுக்குங்க, இப்ப உங்க வேலையச் செஞ்சு காட்டுங்கன்னு சொல்லிருக்காங்க. பேச்சுல வராதது கை வச்சு செய்யும்போது வந்துரும், விஷயமே அதுதான்.

இப்ப "ஊர் உணர்வு"ன்னு நாம சுலபமா சொல்லிடறோமே, அது ஒரே சாமான் இல்ல. 1986ல மெக்மில்லன், சாவிஸ்னு ரெண்டு உளவியல் ஆய்வாளருங்க அத நாலாப் பிரிச்சாங்க. நான் இங்க சேந்தவன்ங்கறது ஒண்ணு, என் பேச்சு இங்க எடுபடும்ங்கறது ஒண்ணு, என் தேவை இங்க நிறைவேறும்ங்கறது ஒண்ணு, சேந்து வாழ்ந்த ஞாபகம், பாசம் இதெல்லாம் நாலாவது. வெளியில இருக்கற நமக்கு கொட்டிக்கிடக்கறது அந்த நாலாவதுதான், அதான் நம்ம ஃபார்ம் முழுக்க அதையே கேக்குது. அங்கயே இருக்கறவங்களுக்கு ரெண்டாவதுதான் பிரச்சனைன்னு நான் நினைக்கறேன், என் பேச்சு எடுபடுமா எடுபடாதா. இத எப்படி ஃபார்ம்ல கேப்பீங்க, கேக்கற விதத்துலயே பதில் இருக்கே!

அதனால என் யோசனை, முதல்ல மேப் வரைய வைக்கலாம். பேப்பர்ல வேணாம், தரையில. பேப்பர்னா பேனா வச்சிருக்கற ஒருத்தர்தான் ராஜா, மத்தவங்க தலையாட்டுவாங்க, தரையில சாக்பீஸ்ல போட்டா யாரு வேணா குனிஞ்சு அழிச்சு மாத்தலாம். கிராமப்புற ஆய்வுல ராபர்ட் சேம்பர்ஸ் இத "குச்சிய அவங்க கையில குடு"ன்னே சொல்வாரு, அதாவது வரையற பொறுப்ப மக்கள்கிட்டயே விடுன்னு. பெண்கள் தனியா, பசங்க தனியா, வயசானவங்க தனியா வரையட்டும், பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பாத்தா ஒரே ஊரு மூணு ஊரா தெரியும். எத முதல்ல போட்டாங்க, எத விட்டுட்டாங்க, எந்த இடம் வந்ததும் பேச்சு நின்னுச்சு, "அந்தப் பக்கம் நாங்க போறதில்ல"ன்னு யாரு மெதுவா சொன்னாங்க, இதெல்லாம் ஒருத்தர் ஓரமா உக்காந்து எழுதிக்கணும். "நாம"ன்னு ஒரு கோடு போட்டா கோட்டுக்கு வெளிய யாரோ நிப்பாங்க, அந்த யாரோவும் ஊர்லதான் இருக்காங்க.

சண்டை வரும், வரட்டும். சண்டை வந்தா ஃபெயில்னு நினைக்காதீங்க, எல்லாரும் சிரிச்சுட்டே ஒரே மாதிரி வரைஞ்சாதான் எனக்கு சந்தேகம் வரும்.

கூட்டத்துல வாயத் திறக்காதவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு. பிரிட்டன்ல 1970கள்லேருந்து டோனி கிப்சன் கொண்டுவந்த முறை, அந்தப் பகுதிய அட்டையில மாடலா செஞ்சு மேசையில வச்சுட்டு, பெஞ்ச், விளக்கு, விளையாட்டு இடம்னு எழுதின சின்ன கார்டுகள வேணுங்கற இடத்துல வைக்கச் சொல்றது. யாரு வச்சாங்கன்னு கேக்கறதில்ல, அதனால கூச்சப்படறவங்களும் தைரியமா வைப்பாங்க. மாடலயும் பள்ளிக்கூடப் பசங்களே செய்யட்டும், நாம பளபளன்னு செஞ்சு கொண்டு போனா அதத் தொடவே பயப்படுவாங்க. நேரம் மட்டும் பாத்து வைங்க, ஒரே நேரத்துல ஒரே தடவ வச்சா வேலைக்குப் போறவங்களும் கைக்குழந்தை வச்சிருக்கறவங்களும் வரமாட்டாங்க, அப்புறம் வந்த பதினஞ்சு பேரு சொன்னதுதான் ஊர் முடிவுன்னு ஆயிடும்.

அமெரிக்காவுல ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன்னு ஒரு அம்மா 1969லயே மக்கள் பங்கேற்புக்கு எட்டுப் படி ஏணி ஒண்ணு போட்டாங்க. கருத்துக் கேக்கறது அதுல கீழேருந்து நாலாவது படிதான். நாம பிளான முடிச்சு கையில வச்சுக்கிட்டு ஃபார்ம் அனுப்பினா முதல் படி, அந்தப் படிக்கு அவங்க வச்ச பேரு நல்ல பேரு இல்ல.

நாமளும் ஆளுக்கொரு மேப் வரைவோம், ஆனா அங்க வரைஞ்சு முடிக்கற வரைக்கும் அனுப்பாதீங்க, நம்மதப் பாத்தா அவங்களும் அதையே போட்ருவாங்க. நான் நேத்து உக்காந்தேன், எனக்கு வந்ததெல்லாம் நான் கிளம்பின வருஷத்து ஊருதான், அதுக்கப்புறம் வந்த ஒரு தெரு கூட இல்ல.

ஊர்ல வரைஞ்சு முடியற வரைக்கும் இன்ஜினியருக்கு அட்வான்ஸ் குடுக்க வேணாம்ங்கறது என் கருத்து. பொருளாளர் அண்ணன் கோவிச்சுக்காதீங்க, போன தடவ லீவுல போனவங்க யாராவது ரெண்டு பேரு அங்க இருக்கற இளைஞர்கள்கிட்ட முதல்ல போன்ல பேசிப் பாருங்களேன்.